ஐஸ் மேல் இருந்த கிண்ணம்

வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை விடவில்லை. பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் சத்தம் மட்டும் மழைக்கு நடுவிலும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. தேங்காய்க் கடைக்கு மேலே, மாடியில் இருந்த தன் அலுவலக அறையில், வலிக்கிற முழங்காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டி வைத்துக்கொண்டு ராஜமணி உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு யாரும் வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் படிகளில் ஈரச் செருப்பின் ஓசை கேட்டது.

போலீஸில் பெண்கள் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவள் ராஜமணி. சும்மா இருக்க முடியாமல் துப்பறியும் பலகை மாட்டியவளுக்கு, இப்போது சும்மா இருந்தால் போதும் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. வருகிற வேலையெல்லாம் ஒரே மாதிரிதான்: கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வேண்டும், சில வருஷம் கழித்து அதே மாப்பிள்ளையைப் பற்றி மறுபடியும் விசாரிக்க வேண்டும்.

"மேடம், ஒரு கிளையன்ட்டு!" என்று கதவருகிலிருந்தே அறிவித்தார் ஞானசிகாமணி. மார்த்தாண்டத்துக்காரர். வக்கீல் ஆபீஸ் ஒன்றில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்ந்தவர். வயதில் ராஜமணியைவிட மூத்தவர். ஆனாலும் வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் அவருடைய முகத்தில் பள்ளிக்கூடம் விட்ட பையனின் களை வந்துவிடும்.

உள்ளே வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டாள். பெயர் பூமாரி என்றாள். போனக்காட்டு எஸ்டேட்டில் தேயிலை பறித்தவர்களின் மகள். வேலை தேடி நகரத்துக்கு இறங்கி வந்து, கோவளத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு, இப்போது கரமனையில் வாடகை வீட்டிலிருந்து விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறாளாம்.

"அக்கா, நான் வெஷம் வச்சவளுன்னு ஊரு பூரா பேச்சாயிட்டு," என்றாள். அழுகை அவளிடம் மிச்சமில்லை. பல பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரலாக இருந்தது.

"மெதுவாச் சொல்லு. எங்கே, என்ன நடந்தது?"

"போன சனிக்கிழமை. கவடியாருல ஜெயந்த் சார் வீட்டுல பார்ட்டி. சாரும் ஸ்நேகா மேடமும் அமெரிக்காவுல லூசியானாங்கற ஊருல இருந்துட்டு வந்தவங்க. டெக்னோபார்க்குல கம்பெனி வச்சிருக்காரு. அந்த ஊரு சாப்பாடுதான் வேணும்னாங்க. கேஜன்னு பேரு. எங்க ஹோட்டல்ல அந்த ஊருக்காரர் ஒருத்தர் ரெண்டு சீசன் ஷெஃபா இருந்தாரு, அவருகிட்ட நான் படிச்சது. நெறைய பேரு இப்ப அதுக்காகத்தான் என்னைத் தேடி வாராங்க. டிப்பு, பொரிச்ச எறாலு…"

"டிப்புன்னா என்னதும்மா அது?" என்றார் ஞானசிகாமணி ஆவலாக.

"தொட்டுக்கிடறதுதான் சார். சட்னி மாதிரி, ஆனா கெட்டியா இருக்கும். ரொட்டித் துண்டு, சிப்ஸு எதையாவது அதுல முக்கி, நின்னுக்கிட்டே பேசிக்கிட்டே திங்கணும். ரெண்டு டிப்பு வச்சேன். ஒண்ணு எறாலும் சீஸும் போட்டது. அது சூடா இருக்கணும், ஆறிட்டா பசை மாதிரி ஆயிரும். அதனால மண்சட்டிக்குக் கீழ மெழுகுவத்தி ஏத்தி வச்சேன். இன்னொண்ணு கத்தரிக்காய சுட்டு மசிச்சு, வடிச்ச தயிரும் சீஸும் சேத்தது. அது சைவம். ஃப்ரிட்ஜுல வச்சு எடுத்து, ஐஸ் கட்டி கொட்டின தாம்பாளத்து மேல வச்சேன். ரெண்டும் மேசைக்கு ரெண்டு கோடியில. கரண்டியும் வேற வேற."

"சரி."

"நாகேஸ்வரன்னு ஒரு சாரு. ஜெயந்த் சாருக்குக் கம்பெனியில பார்ட்னரு. அவருக்கு எறாலு ஆகாது. வாயில பட்டாலே மூச்சு அடைக்குமாம். மொதல்லயே எங்கிட்டச் சொல்லிட்டாங்க. அவரு சைவ டிப்பைத்தான் எடுத்துத் தின்னாரு. கொஞ்ச நேரத்துல மொகம் வீங்கி, கீழ விழுந்துட்டாரு. ஆசுபத்திரியில பொழச்சுக்கிட்டாரு, சாமி புண்ணியம். ஆனா நான் கிண்ணத்த மாத்தி வச்சுட்டேன்னு ஜெயந்த் சார் எல்லாருகிட்டயும் சொல்லிட்டாரு. வரவேண்டிய பார்ட்டியெல்லாம் போன்ல வேண்டாம்னுட்டாங்க. கூட வேலை பாத்த பொண்ணுங்க ரெண்டு பேரும் நின்னுட்டாங்க. நாளைக்குப் போலீசுக்கும் போவாராம்."

"நீ மாத்தி வைக்கலையா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல." தானாகவே தொடர்ந்தாள். "ஒரு தப்பு வேணும்னா பண்ணியிருப்பேன். எறாலைப் பொரிச்சு முடிச்சு, அடுப்பை அணைச்சுட்டுத்தான் மேசையை ஒழுங்கு பண்ணப் போனேன்னு நெனப்பு. திரும்பி வந்து பாத்தா, சீனச்சட்டியில எண்ணெய் பொகஞ்சுக்கிட்டு இருந்தது. அணைக்காமப் போயிட்டேன் போலன்னு என்னையே திட்டிக்கிட்டேன். அதைத் தவிர ஒண்ணுமில்ல."

ராஜமணி முக்காலியிலிருந்து காலை எடுத்தாள்.

*

கவடியார் வீட்டில் ஜெயந்த் மரியாதையாகத்தான் பேசினான். முப்பத்தைந்து வயதுக்காரன். தூக்கமில்லாத கண்கள். அவனுடைய மனைவி ஸ்நேகா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"அந்தம்மா மேல எனக்குப் பகை ஒண்ணும் இல்லை, மேடம்," என்றான் ஜெயந்த். "ஆனா என் ஃபிரெண்ட் என் வீட்டுத் தரையில நீலம் பாரிச்சுக் கிடந்தான். அதை நான் பார்த்தேன்."

"கிண்ணம் மாறிடுச்சுன்னு எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"நான் அவனுக்கு எதிர்ல நின்னுண்டிருந்தேன். அவன் டிப்பைத் தொட்டு எடுத்தான், ஊதினான், வாயில போட்டுண்டான். ஊதினான், மேடம். ஐஸ் மேல இருக்கிற டிப்பை யாராவது ஊதிச் சாப்பிடுவாளா? அது சூடா இருந்திருக்கு. சூடா இருந்தது இறால் டிப் மட்டும்தான். அவசரத்துல இறால் டிப்பை சைவக் கிண்ணத்துல ஊத்தி வச்சிருக்கா."

ஞானசிகாமணி ராஜமணியின் பக்கம் சாய்ந்து, "இது பலமான தெளிவுல்லா மேடம், நல்ல சாட்சியம்," என்று முணுமுணுத்தார். அவர் சொன்னது சரிதான் என்று ராஜமணிக்கும் பட்டது. இந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்தே அவளுக்கு உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. பூமாரி பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம்.

"மேசையில இருந்ததுல ஏதாவது மிச்சம் எடுத்து வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

ஸ்நேகாதான் பதில் சொன்னாள். "இல்லை, ஆன்ட்டி. நாங்க ஹாஸ்பிட்டல்லேர்ந்து வந்ததும் ராத்திரியே எல்லாத்தையும் கொட்டிட்டேன். வடாம் எல்லாம் தீர்ந்துபோச்சு. ஒண்ணுகூட மிச்சமில்லை."

"வடாமா?"

"எங்க மாமியார் கொண்டுவந்தது. சும்மா… டிப் தொட்டுக்கறதுக்கு."

ராஜமணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஸ்நேகா காலி கோப்பைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டிருந்தாள்.

வெளியே வந்ததும் ஞானசிகாமணி குடையை விரித்துக்கொண்டே கேட்டார். "மேடம், மாமியார் மாமனாரெல்லாம் வந்திருக்காவ. அவிய ஐயமாருல்லா? எறால் வேவுற வீட்டுல எங்ஙன சாப்பிட்டாவ?"

"சாப்பிட மாட்டாங்க. அதனாலதான் அவங்க டப்பாவை அவங்களே கொண்டுவந்திருக்காங்க," என்றாள் ராஜமணி. அப்போது அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

*

நாகேஸ்வரன் பட்டத்தில் தன்னுடைய ஃபிளாட்டில் இருந்தான். கன்னத்து வீக்கம் இன்னும் வடியவில்லை. திருநெல்வேலிக்காரன். தனியாக வசிப்பவன். பேசப் பேச மூச்சு வாங்கியது.

"சின்ன வயசுலேருந்து இந்தத் தொல்லைதான் மேடம். ஒரு பார்ட்டிக்குப் போனா மேசையில எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாதுன்னு பார்க்கறதுலயே எனக்குப் பாதிப் பொழுது போயிடும். ரொட்டித் துண்டு பொரிச்ச இறாலுக்குப் பக்கத்துல இருந்தது, அதனால தொடலை. வடாம் எடுத்துக்கிட்டேன். ஜெயந்த் அம்மா வீட்டு வடாம். அக்ரஹாரத்துலேர்ந்து வர்ற வடாமைவிட சுத்தமான பொருள் அந்த வீட்டுல வேற என்ன இருக்கப்போகுது?"

"டிப்பு எப்படி இருந்தது?"

"குளுகுளுன்னு இருந்தது. கத்தரிக்காய் வாசனை நல்லாத் தெரிஞ்சது. இறால் டிப்பெல்லாம் இல்லை. அதை ஜெயந்த்கிட்டச் சொன்னேன். நீ மயங்கி விழுந்தவன், உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்னு சொல்லிட்டான்."

"ஆனா நீங்க ஊதினீங்களாம்."

நாகேஸ்வரன் யோசித்தான். "ஊதினேன். ஆமா. நாக்குகூடச் சுட்டுது." அவனே குழம்பிப்போய் அவர்களைப் பார்த்தான். "குளுந்தும் இருந்தது, சுடவும் சுட்டுது. ஜெயந்த் சொல்றதுதான் சரி போல. எனக்கு ஞாபகம் சரியா இல்லை."

"வடாம் நமுத்திருந்ததா?"

"இல்லையே. நல்லா மொறுமொறுன்னு இருந்தது."

கிளம்பும்போது ஞானசிகாமணி சாமர்த்தியமாக ஒரு கேள்வி கேட்டு, கம்பெனியைப் பெங்களூருக்கு மாற்றுவதைப் பற்றி ஜெயந்துக்கும் நாகேஸ்வரனுக்கும் சண்டை இருந்ததைத் தெரிந்துகொண்டார். ஆட்டோவில் ஏறியதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எல்லாம் புரிஞ்சுட்டு மேடம். ஜெயந்துதான் பிரதி, குத்தவாளி. பார்ட்னரைத் தீத்துக்கட்டிட்டு, பழியைச் சமையக்காரி தலையில போட்டிருக்கான். ஊதினான், ஊதினான்னு அவன்தானே திரும்பத் திரும்பச் சொல்லுகான்?"

"நாகேஸ்வரனும் ஊதினேன்னுதான் சொல்றார்."

"அவரு குளுந்து இருந்துதுன்னும் சொல்லுகாரே. ரெண்டுல ஒண்ணு பொய்யாத்தான் இருக்கணும்."

"ரெண்டும் உண்மையா இருந்தா?" என்றாள் ராஜமணி. ஆட்டோவைக் கோட்டைக்கு, ஜெயந்தின் அம்மா வீட்டுக்கு விடச் சொன்னாள்.

*

கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் ஜெயந்தின் அம்மா விஜயலக்ஷ்மி அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. அவள் கணவர் வெங்கடசுப்ரமணியன், கோயில் கைங்கர்யத்துக்குப் போயிருந்தார். தினமும் விடிவதற்கு முன்னால் குளித்துவிட்டுப் போகிறவர், நடை சாத்தின பிறகுதான் வருவாராம்.

"அவருக்கு வேற உலகமே இல்லை," என்றாள் விஜயலக்ஷ்மி, காப்பி டம்ளர்களை வைத்துக்கொண்டே. "ஜெயந்த் ஆத்துல மாம்சம் பொழங்கறது எங்களுக்குத் தெரியும். சொல்லிப் பார்த்தோம், விட்டுட்டோம். போனா அங்கே பச்சைத் தண்ணிகூடக் குடிக்கறதில்லை. நானே எதாவது பண்ணி எடுத்துண்டு போயிடுவேன். அன்னிக்கு ஜவ்வரிசி வடாம் பொரிச்சு, தகர டப்பாவுல போட்டு எடுத்துண்டு போனேன்."

"நல்லா இருந்ததுன்னு எல்லாரும் சொல்றாங்க, மாமி."

விஜயலக்ஷ்மி தன் கைகளைப் பார்த்தாள். "மழை கேட்டேளா, அன்னிக்கு? ஆட்டோவுல சாரல் அடிச்சுது. டப்பா மூடி சரியா இல்லை. போய்ச் சேர்றச்சே அத்தனையும் நமுத்துப் போயிடுத்து. துணி மாதிரி ஆயிடுத்து. ஸ்நேகா கையில குடுத்து, வெளியில வைக்காதேம்மா, வெட்கக்கேடுன்னு சொன்னேன்."

ஞானசிகாமணி காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ராஜமணி தன் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணு எடுத்துக் கடிச்சேன். வேண்டாம்னு வச்சுட்டேன். நெஞ்செரிச்சல்."

"மாமா?"

"அவர் சாப்பிட்டார்." வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரசிச்சுச் சாப்பிட்டார். வழக்கத்தைவிட நன்னா இருக்குன்னார்."

தெருமுனைவரை ராஜமணி நொண்டி நொண்டி நடந்தாள். ஒரு கடை மறைப்பின் கீழே நின்று, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் புரிந்துவிட்டது. அதனால் அவளுக்குக் கொஞ்சம்கூடச் சந்தோஷம் ஏற்படவில்லை. இந்தக் கதையில் ஒரு கெட்டவன் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கெட்டவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவது எளிது.

"ஞானசிகாமணி, நாளைக்குக் காலையில எல்லாரும் ஜெயந்த் வீட்டுக்கு வரணும். நாகேஸ்வரனும் பூமாரியும்கூட. மாமியையும் கூப்பிடுங்க. மாமா கோயில்ல இருக்கிற நேரமாப் பார்த்துச் சொல்லுங்க."

"பிரதி ஆருன்னு சொல்லப்போறியளா மேடம்?"

"பிரதின்னு யாரும் இல்லை. அதுதான் கஷ்டம்."

*

மறுநாள் காலை மழை சற்று நின்றிருந்தது. அந்தப் பார்ட்டி நடந்த அறையிலேயே எல்லாரும் உட்கார்ந்தார்கள். நாகேஸ்வரன் சோபாவில் சாய்ந்திருந்தான். விஜயலக்ஷ்மி சுவரோரமாக, கையில் குடையோடு, எந்த நிமிஷமும் எழுந்து போகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். பூமாரி உட்காரவே இல்லை. வாசலுக்கருகில் நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. ராஜமணிதான் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

"நான் சுருக்கமாவே சொல்லிடறேன்," என்று ஆரம்பித்தாள். "ஜெயந்த், நாகேஸ்வரன் ஊதினதை நீங்க பார்த்தீங்க. அதுல சந்தேகம் இல்லை. நாகேஸ்வரன், டிப்பு குளுந்திருந்ததுன்னு நீங்க சொன்னீங்க. அதுலயும் சந்தேகம் இல்லை. நாக்கு சுட்டுதுன்னும் சொன்னீங்க. ஒரே வாய்க்குள்ள ஒண்ணு குளுந்திருக்கு, ஒண்ணு சுட்டிருக்கு. அப்படின்னா வாய்க்குள்ள போனது ரெண்டு பொருள். டிப்பு குளுந்ததுதான். சுட்டது, எதைக் கொண்டு தொட்டீங்களோ அது."

"வடாம்," என்றான் நாகேஸ்வரன்.

"வடாம். எல்லாரும் கிண்ணத்தையே பார்த்துட்டோம். உங்க கையில என்ன இருந்ததுன்னு யாருமே பார்க்கலை. அந்த வடாம் கோட்டையில பொரிச்சது. ஆட்டோவுல, மழையில வந்தது. இங்கே வந்து சேர்ந்தப்போ துணி மாதிரி நமுத்துக் கிடந்ததுன்னு மாமி சொன்னாங்க. அதே வடாம் மேசைக்கு வந்தப்போ மொறுமொறுன்னு இருந்தது, சூடாவும் இருந்தது. எப்படி?"

ஞானசிகாமணியின் வாய் மெல்லத் திறந்தது.

"பூமாரி இறால் பொரிச்சு முடிச்சு, அடுப்பை அணைச்சுட்டுப் போயிருக்கா. திரும்பி வந்தப்போ எண்ணெய் புகைஞ்சுக்கிட்டு இருந்தது. தான்தான் மறந்துட்டோம்னு நினைச்சா. அவ மறக்கலை. நடுவுல யாரோ அடுப்பை மூட்டியிருக்காங்க. நமுத்த வடாமை அந்த எண்ணெயில போட்டு எடுத்திருக்காங்க. இறால் பொரிச்ச எண்ணெய். நாகேஸ்வரனைக் கீழே தள்ள அது போதும். இன்னொரு விஷயம். மேசையில இருந்ததுல ஏதாவது மிச்சம் இருக்கான்னுதான் நேத்து இந்த வீட்டுல பொதுவாக் கேட்டேன். வடாம் ஒண்ணுகூட மிச்சமில்லைன்னு பதில் வந்தது. வடாமைப் பத்தி நான் கேட்கவே இல்லை."

அவள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஸ்நேகாவைப் பார்க்கவும் இல்லை. தன் முழங்காலையே தடவிக்கொண்டு காத்திருந்தாள்.

"நான்தான்," என்றாள் ஸ்நேகா.

ஜெயந்த் திரும்பிப் பார்த்தான். "என்ன சொல்றே?"

"அம்மா முகம் வாடிப்போச்சு, ஜெயந்த். அத்தனை பேர் வந்திருக்கா, கொண்டுவந்தது வீணாப்போச்சேன்னு. எண்ணெய் ரெடியா இருந்தது. ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடலாம்னு தோணித்து. எந்த எண்ணெய்னு அப்போ எனக்கு உறைக்கவே இல்லை. தட்டைக் கொண்டுவந்து வச்சுட்டுத் திரும்பறேன், அப்பா ஒண்ணை எடுத்து வாயில போட்டுக்கறார். அப்பதான் உறைச்சது. ஓடிப்போய்த் தடுக்கணும்னு நினைச்சேன். கால் நகரலை. என்ன சொல்லித் தடுப்பேன்? அதுக்குள்ள நாகேஸ் விழுந்துட்டான். ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட இறால்னு மட்டும் சொன்னேன். வடாம்னு சொல்லலை. சொன்னா அப்பாவுக்குத் தெரிஞ்சுடும். மறுநாள் காலையில அவர் குளிச்சுட்டுக் கோயிலுக்குள்ள போனார். அதுக்கப்புறம் எப்படிச் சொல்லுவேன்?"

"அதனால நீ பேசாம இருந்தே. நான் இந்தம்மாவை ஊர் பூராத் திட்டிண்டு இருந்தேன்," என்றான் ஜெயந்த்.

"இருங்க," என்றாள் ராஜமணி. "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. மாமி, வடாம் நமுத்துப்போச்சுன்னு என்கிட்டச் சொன்னீங்க. அது திரும்ப எப்படி மொறுமொறுன்னு ஆச்சுன்னு நீங்க ஆச்சரியப்படவே இல்லை. ஆயுசு முழுக்க வடாம் பொரிச்ச கை உங்களுது. ஒரு கடி கடிச்சதும் கீழே வச்சுட்டீங்க."

விஜயலக்ஷ்மி குடையைத் தரையில் கிடத்தினாள்.

"வாசனை தெரிஞ்சுடுத்து. செவப்பு செவப்பா மசாலாப் பொடி வேற ஒட்டிண்டிருந்தது. நான் தலையைத் தூக்கிப் பார்க்கறச்சே அவர் ரெண்டாவதை முழுங்கிட்டார்."

"அம்மா, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ஸ்நேகா.

"தெரியும். நீ எனக்காகத்தான் பண்ணினேன்னும் தெரியும். நான் வாயைத் திறந்தா உன்னைத்தான் எல்லாரும் சொல்லுவா. அவர் கைங்கர்யத்தை விட்டுட்டு மூலையில உட்கார்ந்துடுவார். அதை விட்டா அவருக்கு உசிர் இல்லை. உனக்குத் தெரியாதுன்னு நான் இருந்தேன். எனக்குத் தெரியாதுன்னு நீ இருந்தே."

"அப்போ நமுத்துப்போன கதையை எதுக்காக என்கிட்டச் சொன்னீங்க, மாமி? அதைச் சொல்லாம இருந்திருந்தா எனக்கு எதுவும் கிடைச்சிருக்காது," என்றாள் ராஜமணி.

"சொல்லவும் முடியலை, முழுங்கவும் முடியலை. யாராவது கேட்டுடட்டுமேன்னு இருந்தது."

ஸ்நேகா மாமியாரின் அருகில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். விஜயலக்ஷ்மி அவள் தலைமேல் கையை வைத்தாள். பார்க்கிறவர்களுக்குக் கண் கலங்கும்படியான காட்சிதான். நாகேஸ்வரன்கூட, "பரவாயில்லை, ஸ்நேகா. வேணும்னு பண்ணலையே. நான்தான் பொழச்சுட்டேனே," என்றான்.

அப்போதுதான் பூமாரி பேசினாள்.

"நல்லாருக்கும்மா," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அவங்க மனசு நோகக் கூடாதுன்னு நீங்க சும்மா இருந்தீங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னு அவங்க சும்மா இருந்தாங்க. சாமி வேலை பாக்குறவரு மனசு நோகக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சும்மா இருந்தீங்க. நான் ஒருத்தி இருந்தேனே. என் ஞாபகம் வரலியா?"

ஸ்நேகா நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்தது," என்றாள் விஜயலக்ஷ்மி தணிந்த குரலில். "தினமும் வந்தது. அதனால உனக்கு என்ன பிரயோஜனம்? ஒண்ணுமில்லை." அவள் எழுந்து குடையை எடுத்துக்கொண்டாள். "நான் ஆத்துக்குப் போறேன். அவர் வந்ததும் நானே சொல்லிடறேன். பிராயச்சித்தம் பண்ணுவாரோ, கைங்கர்யத்தை விடுவாரோ, அது அவர் பாடு. இனிமே அதுக்காக இன்னொருத்தர் வயத்துல அடிக்க வேண்டாம்."

"நான் வரேன், அம்மா," என்று ஸ்நேகா எழுந்தாள்.

"வேண்டாம். உனக்கு இங்கே வேலை இருக்கு."

அவள் போன பிறகு ஜெயந்த் பூமாரியின் முன்னால் வந்து நின்றான். மன்னிப்புக் கேட்டான். தடுமாறி, ஆங்கிலமும் தமிழுமாகக் கேட்டான். போலீஸ் பேச்சே இல்லை என்றான். நஷ்டத்துக்கு என்ன வேண்டுமானாலும் செய்வதாகச் சொல்லித் தன் பையில் கையை விட்டான்.

"அதெல்லாம் உள்ள வைங்க சார்," என்றாள் பூமாரி. அவள் அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உடம்பின் பாரம் முழுவதையும் அதில் இறக்கிவைப்பது போல உட்கார்ந்தாள். "நான் வெஷக்காரின்னு நீங்க போன்லதானே சொன்னீங்க. போன்லயே சொல்லுங்க. எனக்கு முன்னால வச்சுச் சொல்லுங்க. ஆரு ஆரு பார்ட்டியை வேண்டாம்னாங்கன்னு எனக்குப் பேரு பேராத் தெரியும், நான் சொல்லுதேன். நீங்க சொன்னா போதாது சார். ஸ்நேகா மேடம் சொல்லணும். எந்த எண்ணெய், எந்த வடாம், எல்லாம் சொல்லணும்."

"ஊர் முழுக்கத் தெரிஞ்சுடுமே," என்றான் ஜெயந்த் தன்னையறியாமல்.

"என் சங்கதி தெரிஞ்ச மாதிரித்தான்," என்றாள் பூமாரி.

ஞானசிகாமணி, நாம் கிளம்பலாமா என்று ராஜமணியிடம் கண்ணால் கேட்டார். வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் காலில் தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடலாம். ஆனால் பூமாரி ஒரு கையை நீட்டி ராஜமணியின் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்திருப்பது அவளுக்கே தெரிந்திருக்காது. ராஜமணி பெருமூச்சு விட்டுவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. ஸ்நேகா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, பூமாரி சொன்ன முதல் பெயரைக் கேட்டு, எண்களை அழுத்தினாள். மறுமுனையில் யாரோ எடுத்ததும் மலையாளத்தில் பேசினாள்.

"ஹலோ, சபீனச் சேச்சியாணோ? ஞான் ஸ்நேகயாணு. அன்னத்தெ பார்ட்டியுடெ காரியம் பறயானாணு விளிச்சது…" நிறுத்தினாள். "பூமாரி ஒரு தெற்றும் செய்தில்ல, சேச்சி. தெற்று என்டெயாணு."

தப்பு பூமாரியுடையதல்ல, தன்னுடையதுதான் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணெயைச் சொன்னாள், வடாமைச் சொன்னாள், மாமனார் எடுத்துச் சாப்பிட்டதையும் சொன்னாள். மறுமுனையிலிருந்து கேள்விகள் வந்தன. அதற்கும் பதில் சொன்னாள். கடைசியில் தொலைபேசியை வைத்தபோது அவளுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. போதும் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்பது போல நிமிர்ந்து பார்த்தாள்.

பூமாரி அசையவில்லை.

"அடுத்தது கோமதிநாயகம் சார் வீடு," என்றாள். "போடுங்க."